பட்டை போட்ட சட்டி

கல்யாணமாகி வந்த புதிதிலேயே எனக்கு ஒரு சக்களத்தி இருப்பது தெரிந்துவிட்டது. பரண்மேல் சாக்கில் சுற்றி வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கிதான் அது. என் வீட்டுக்காரர் வாரம் முழுக்கத் துறைமுகத்தில் ஒரு கம்பெனிக்குக் கிரேன் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அந்தச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு இராயபுரத்தில் ரயிலேறி எண்ணூருக்குப் போய்விடுவார். ஐப்பசி மழை ஓய்ந்ததிலிருந்து மாசி முடியும்வரை இதுதான் கதை. அவர் எனக்கு அத்தை மகன். மாமா என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதிலிருந்தே பழகியவர் என்பதால் பயமெல்லாம் கிடையாது, சண்டை போடவும் வசதியாக இருந்தது.

அது மதுவிலக்குக் காலம். ஞாயிற்றுக்கிழமை காணாமல் போகிற ஆண்பிள்ளையைப் பற்றித் தெருவில் வேறு மாதிரி பேசுவார்கள். ஆனால் இவர் சாயங்காலம் திரும்பும்போது பையில் கிளுவை வாத்து இருக்கும், இல்லாவிட்டால் உள்ளான் குருவி இருக்கும், அதுவும் இல்லாவிட்டால் வேட்டி நிறையச் சேறாவது இருக்கும். வாயில் எந்த வாடையும் இருக்காது. அதனால் நான் வாயே திறக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கொஞ்சமாகத் திறந்தேன்.

அந்தத் துப்பாக்கி அவரோடு வேலை பார்த்த ஓர் ஆங்கிலோ இந்தியருடையது. அவர் கப்பலேறிப் போகும்போது இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். லைசென்ஸும் முறைப்படி இவர் பெயருக்கு மாறியது. எண்ணூருக்கு மேற்கே, உப்பளங்களைத் தாண்டினால், பெரிய சதுப்பு ஒன்று கிடந்தது. சர்க்கார் புறம்போக்கு. மழைக்காலம் முடிந்தால் எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்கும். லைசென்ஸ் இருப்பவர்கள் ஞாயிறுதோறும் தெற்குப் பாதியில் சுடலாம். வடக்கே நாரைகள் அடையும் திட்டுப்பக்கம் துப்பாக்கியைத் திருப்பக்கூடக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு காவல்காரர் உண்டு. பெரும்பாலும் அவர் வேலமரத்தடியில் தூங்கிக்கொண்டிருப்பார் என்றாலும் யாரும் அந்த எல்லையைத் தாண்டியதில்லை.

சுடுகிறவர்கள் மட்டும்தான் அங்கே போவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். காரில் வந்து தொப்பி போட்டுக்கொண்டு நடக்கிற வக்கீல்கள், தூண்டில் போடுகிறவர்கள், நண்டு தோண்டுகிறவர்கள், சும்மா கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டு அடுத்தவர் குறி தப்புவதைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே வருகிறவர்கள் என்று பொருட்காட்சிக் கூட்டம் இருக்கும். என் வீட்டுக்காரர் அங்கே பேர் பெற்றவர். உட்கார்ந்திருக்கும் பறவையைச் சுட மாட்டார். எழும்பிப் பறக்க விட்டுத்தான் சுடுவார். கிரேன் கொக்கியை ஒரு விரற்கடை பிசகாமல் இறக்குகிற கை, சுடும்போதும் பிசகாது என்று எல்லாரும் சொல்வார்கள்.

அவருக்குக் கூட்டாளி ஒருத்தர். தண்டையார்பேட்டைக்காரர், நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். வேலையிலும் இருவரும் ஒரே ஜோடி. இவர் மேலே கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். பாய் கீழே கப்பல் தளத்தில், வாய் திறந்த கிடங்கின் விளிம்பில் நின்று, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கையால் சாடை காட்டுவார். கிடங்குக்குள் குனிந்து வேலை செய்கிற ஆட்களின் தலைகள் அந்தச் சாடையையும் இவர் கண்ணையும் நம்பித்தான் இருந்தன.

வேட்டையில் பாயின் வேலை ஓடுவது. விழுந்த பறவைக்கு உயிர் போவதற்குள் அவர் கையால் அறுத்தாக வேண்டும். செத்துப்போனால் அவர் வீட்டில் அடுப்பேறாது. எனவே துப்பாக்கி வெடித்ததும் பாய் லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியபடி, இடுப்பில் இருந்து கத்தியை உருவிக்கொண்டு, சேற்றில் பாய்ந்து ஓடுவார். முழங்கால் புதையும், ஒரு செருப்பு போகும், மூச்சு வாங்கும், ஆனாலும் நிற்க மாட்டார். இவர் நன்றாகக் குறி பார்த்துச் சுட்டால் பாய்க்குக் கோபம் வரும்.

"இன்னா மாமு, ஒரேடியா சாவடிச்சிட்ட. கொஞ்சம் உசுரு வச்சி சுடக் கூடாதா" என்பார்.

"நீ கொஞ்சம் ஜல்தியா ஓடக் கூடாதா" என்பார் இவர்.

இதெல்லாம் எனக்குப் பல வருஷம் கேள்வி ஞானம்தான். பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று அவர் என்னைக் கூட்டிப்போனதே இல்லை. பிறகு ஒரு கார்த்திகையில், சட்டியில் குழம்பைத் துழாவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"நீயும் வாயேன்மே. குந்திகினே கெடக்கறியே வூட்ல."

எனக்குக் கைகால் ஓடவில்லை. குழந்தைகளை அம்மா வீட்டில் விட்டேன். புளிச்சோறு கிளறினேன், கருவாடு வறுத்தேன், புதுச் சேலை கட்டினேன். சதுப்புக்குப் புதுச் சேலையா என்று நீங்கள் கேட்கலாம். என்னை ஓர் இடத்துக்கு வா என்று அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வேறு எதைக் கட்டுவது?

அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிறுதோறும் போனோம். முதல் வண்டியில் சன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன். திருவொற்றியூர் தாண்டும்போது தீப்பெட்டித் தொழிற்சாலைப் பக்கமிருந்து கந்தக வாடை வரும், பிறகு உப்புக்காற்று. இறங்கி வரப்புமேல் கொஞ்ச தூரம் நடந்தால் சதுப்பு. தண்ணீர்மேல் பனி கலைவதும், கிளுவைக் கூட்டம் ஒன்றாக எழும்பி ஒன்றாகத் திரும்புவதும், தூரத்தில் பூநாரைகள் வரிசையாக நிற்பதும் பார்க்கப் பார்க்க எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பறவைகளின் பேரெல்லாம் வாரத்துக்கு ஒன்றாகக் கற்றுக்கொண்டேன். நாமக்கோழி என்று ஒன்று. உடம்பு முழுக்கக் கரிக்கறுப்பு, நெற்றியில் மட்டும் பளிச்சென்று வெள்ளை. அதைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும், யாரோ கல்யாணத்துக்கு அலங்கரித்து அனுப்பியது போல இருக்கும்.

அவர் என்னைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். "எங்கமே கீது?" என்பார். "அதோ மாமா, கோரைக்குப் பின்னாடி, எடது கைப்பக்கம்" என்பேன். அவர் திருப்பிச் சுடுவார். சில சமயம் விழும், பல சமயம் விழாது. தோட்டா பழசு என்பார். காற்று என்பார். உட்கார்ந்திருக்கும் பறவையையும் சுட ஆரம்பித்திருந்தார். கரையில் வேர்க்கடலை கோஷ்டி சிரித்தது. எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. என் புருஷன் நான் கை காட்டும் இடத்தில் சுடுகிறார் என்ற பெருமையில் நான் மிதந்துகொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் சட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். துப்பாக்கி இல்லாமல் வாத்துப் பிடிக்கிறவர்களும் அந்தச் சதுப்பில் இருந்தார்கள். கரி பிடித்த பழஞ்சட்டிகளை முதலில் சில நாள் தண்ணீரில் சும்மா மிதக்க விடுவார்கள். பறவைகள் பயந்து, பிறகு பழகி, சட்டிக்குப் பக்கத்திலேயே நீந்தும். அப்புறம் ஓர் ஆள், கண்ணுக்கு ஓட்டை போட்ட சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் இறங்குவான். வெளியே சட்டி மட்டும் தெரியும். மெதுவாக, மிதக்கிற வேகத்திலேயே கூட்டத்துக்குள் போய், தண்ணீருக்கடியில் காலைப் பிடித்து ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்வான். பக்கத்து வாத்துக்குக்கூடத் தெரியாது.

துப்பாக்கிக்காரர்களுக்கும் இவர்களுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. தலை இருக்கிற சட்டியில் சுண்ணாம்பால் வெள்ளைப் பட்டை போட வேண்டும். வெறும் சட்டிக்குப் பட்டை கிடையாது. பட்டை போட்ட சட்டி மிதக்கிற பக்கம் துப்பாக்கி பேசக் கூடாது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் அங்கே வந்த முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிவிடுவார்கள். எனக்கும் என் வீட்டுக்காரர்தான் சொன்னார்.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு. வெயில் ஏறிவிட்டது, பையில் ஒன்றும் விழவில்லை. நான் அடுக்குப் பாத்திரத்தைத் திறந்து இலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாய் ஓடுவதற்குத் தயாராகக் கொஞ்சம் முன்னால் குந்தியிருந்தார்.

"நாமக்கோழி ஒண்ணு தனியா கீது" என்று இவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. நான் நிமிர்வதற்குள் வெடித்துவிட்டது.

பாய் வழக்கம்போலக் கத்தியை உருவிக்கொண்டு பிஸ்மில்லா சொல்லியபடி தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடினார். கோரைக்கு அந்தப் பக்கம் தண்ணீரிலிருந்து ஓர் ஆள் எழுந்து நின்றான். தலையில் பாதிச் சட்டி. மீதிப் பாதி கழுத்தில் வளையமாகத் தொங்கியது. காதிலிருந்து ரத்தம். அவன் முதலில் பார்த்தது, தன்னை நோக்கிக் கத்தியோடு ஓடி வரும் பாயைத்தான்.

"யோவ், சுட்டது பத்தாதுன்னு அறுக்க வேற வர்றியா?" என்று அலறிக்கொண்டு அவன் திரும்பி ஓட, பாய் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, "இல்ல நைனா, இல்ல நைனா, நில்லு" என்று பின்னாலேயே ஓட, கரையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இலையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினேன்.

கெட்டிச் சட்டி, நல்ல காலம். ரவைகளை அதுவே வாங்கிக்கொண்டது. ஒரே ஒரு ரவை காது மடலைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. ஓட்டுச் சில்லு கன்னத்தைக் கீறியிருந்தது. நான் அவனைக் கரையில் உட்காரவைத்து, காதைக் கழுவி, என் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினேன். அந்தப் புதுச் சேலையைத்தான். கொஞ்சம் தெளிந்ததும் அவன் வாயைத் திறந்தான். அவன் பேசியதில் பாதியை எழுத முடியாது.

"கண்ணு இன்னா பொடனிலயா கீது ஒனக்கு? இம்மாம் பெரிய பட்ட போட்டு வச்சிக்கீறேன். அது தெரியல?"

என் வீட்டுக்காரர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். முகம் சுண்ணாம்பாகியிருந்தது.

"தெரிஞ்சிது. நாமம்னு நெனச்சிட்டேன்" என்றார்.

கறுப்புச் சட்டி, வெள்ளைப் பட்டை. ஆளைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட பட்டைதான் அவரைச் சுட வைத்திருக்கிறது. நான் அந்த இடத்தை எட்டிப் பார்த்தேன். எங்கள் தெரு அகலத் தூரம்தான் இருக்கும். அங்கே கோரையில் சிக்கிக் கிடந்த சட்டித் துண்டில் சுண்ணாம்பு ஈர்க்குச்சியால் இழுத்த கோடுகூட எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சட்டிக்காரன் எங்கள் புளிச்சோறு முழுவதையும் தின்றான், கருவாட்டை முள்ளோடு மென்றான், என் சமையலுக்கு ஒரு குறை சொன்னான், எழுந்து போனான். நாங்களும் மூட்டை கட்டினோம்.

ஸ்டேஷனுக்குத் திரும்பும் உப்பளத்து வரப்பில் இவர் முன்னால் வேகமாக நடந்தார். வெயில் கண்ணில் அடித்தது என்றார். தண்ணீர் மினுங்கியது என்றார். நான் நின்றுவிட்டேன்.

"மாமா, அதோ அந்தப் பாத்திக்குப் பக்கத்துல நிக்கிறது ஆம்பளையா, பொம்பளையா?"

அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "பொம்பள" என்றார். "முக்காடு போட்டுகினு கீது."

"அது உப்புக் குவியல் மாமா. ஓலை போட்டு மூடி வச்சிருக்காங்க."

சொன்னபோதே இன்னொன்றும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. இத்தனை வருஷம் கூப்பிடாத மனுஷன் இந்த வருஷம் ஏன் கூப்பிட்டார் என்று. எங்கமே கீது, எங்கமே கீது என்று ஏன் கேட்டுக்கொண்டே இருந்தார் என்று. எனக்கு வந்த கோபத்தை இப்போதுகூடச் சொல்லத் தெரியவில்லை. அவமானமாக இருந்தது. கண்ணுக்காகத்தான் கூட்டி வந்தாயா என்று வரப்பில் நின்று கத்தினேன், அழுதேன். அவர் மறுக்கவில்லை. "மொத வாரம் அதுக்குத்தான்" என்றார். "அப்பாலிக்கி அதுக்கு மட்டும் இல்லமே." நான் அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ளும் நிலையில் இல்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று மண்டையில் ஏறிவிட்டது.

"தெரு அகலத்துல தலை இருக்கிறது தெரியாத ஆளு, நாளைக்கு அவ்ளோ ஒசரத்துல ஏறி ஒக்காந்து எப்படி மாமா இரும்பத் தூக்குவ? கீழ ஆளுங்க நிக்கறாங்களே."

"கையாலேயே தெரியும் எனக்கு. கண்ணே வேணாம்" என்றார். கிரேனை விட்டால் தன்னை வெளியே தள்ளிவிடுவார்கள் என்றார். உள்ளே வைத்துக்கொண்டாலும் பெருக்கத்தான் விடுவார்கள் என்றார். துறைமுகம் முழுக்கத் தெரிந்த கை அவருடையது. அது போனால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று எனக்கும் தெரியும். அதற்காகத் தலைகளைப் பந்தயம் வைக்க முடியுமா?

நியாயம் கேட்கப் பாய் பக்கம் திரும்பினேன். அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"பாய், உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் தங்கச்சிமா" என்றார். "போன வருசம் வெரலக் காட்னா மேல கொக்கி அசையல. சரின்னு கைய முழுசா ஆட்னேன். அதுவும் பத்தல. இப்ப செகப்புத் துண்டு ஒண்ணு வச்சி ஆட்டிகினு கீறேன். மத்தவங்க ஸ்டைலுன்னு நெனச்சிகினு கீறாங்க."

என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தத் துண்டு தனக்காக என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இத்தினி வருசத்துல நீ எறக்குன சரக்கு ஒண்ணாவது என் மேல ஒரசிச்சா மாமு?" என்றார் பாய். "நாளைக்கி இரும்பு எறக்குற கப்பல். நாந்தான் கீய நிக்கப் போறேன். நீ ஏறு. நா பாத்துக்கறேன். தங்கச்சி பேச்ச வுடு."

எனக்குப் பாய் மேலும் கோபம் வந்தது. இரண்டு பைத்தியங்கள் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டிருந்தால் நடுவில் நான் என்ன செய்வது? வீட்டுக்கு வந்து இவர் துப்பாக்கியைத் துடைத்துப் பரண்மேல் போட்டார். நான் கெஞ்சினேன், திட்டினேன், பிள்ளைகள் மேல் சத்தியம் கேட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அது கண்புரை என்பதும், கண் ஆஸ்பத்திரியும், தடிக் கண்ணாடியும், கம்பெனியின் சாமான் கிடங்கில் கிடைத்த வேலையும் எல்லாம் பிறகு வந்தவை. திங்கட்கிழமை காலையில் எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, எப்போதும் போகிற நேரத்துக்குப் போனார். துறைமுகத்துப் பக்கமிருந்து சங்கு ஊதும்போதெல்லாம் எனக்கு உயிர் போய்த் திரும்பியது. பாயின் பெண்டாட்டி என்னிடம் ஏதோ கேட்க வந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை, தலைவலி என்று அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் வந்தார். சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. காலையில் நான் போட்டுக்கொடுத்த மடிப்பு அப்படியே இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது, ஆனாலும் அவர் வாயால் வரட்டும் என்று தண்ணீரை நீட்டினேன்.

"ஏறுனேன்மே" என்றார். "பாதி ஏணி ஏறிட்டுக் கீய பாத்தேன். செகப்புத் துண்டு நல்லாத் தெரிஞ்சிது."

"அப்புறம்?"

"அவன் மூஞ்சி தெரியல."

தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கீழே பாய், "நா கீறேன் மாமு, ஏறு, நா கீறேன்" என்று கத்திக்கொண்டே இருந்தாராம். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாராம்.